ஸ்வீட் ஹோம் 3டியில் கோணல் சுவரும் சிக்கலான வாசலும்

நாலு சுவரும் நேராக நிற்கும் அறையை வரையப் பத்து நிமிடம் போதும். மூலை விலகிய பழைய வீடு, வளைந்த பால்கனி, ஒன்பது இஞ்சு சுவரும் நாலரை இஞ்சு சுவரும் ஒரே நேராக ஓடும் கூடம், மூலையைச் சீவி வைத்த வாசல் என்று வரும்போதுதான் மென்பொருள் முரண்டு பிடிப்பதுபோலத் தோன்றும். ஸ்வீட் ஹோம் 3டி, வீட்டின் பிளானை வரைந்து 3டியில் பார்க்க உதவும், 2006 முதல் கிடைக்கும் இலவச, திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் அதன் ஆங்கிலப் பதிப்பில் உள்ளவை.

முதலில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இந்த மென்பொருளுக்குச் சுவர் என்பது ஒரு நடுக்கோடு. நீங்கள் கிளிக் செய்யும் புள்ளிகள் அந்த நடுக்கோட்டின் முனைகள். தடிமன் அதற்கு இருபுறமும் பாதிப் பாதியாக ஏறும். இரண்டு, கதவும் ஜன்னலும் துளைபோடும் பெட்டிகள். பெட்டி எந்தச் சுவரைத் தொடுகிறதோ அந்தச் சுவரை, தொட்ட அளவுக்குக் குடையும். பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

அளவெடுப்பு

டேப்பால் நாம் அளப்பது சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகம் வரை. மென்பொருள் கேட்பதோ நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் வரைந்தால் ஒவ்வொரு அறையும் ஏறத்தாழ அரை அடியோ அதற்கு மேலோ சுருங்கிவிடும். அப்புறம் அலமாரி ஏன் உட்காரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுவர்த் தடிமனை ஜன்னல் திறப்பிலோ, நிலைக்குப் பக்கத்திலோ நேரடியாக அளந்துகொள்ளுங்கள். ஒன்பது இஞ்சு சுவர் என்பது செங்கல் கணக்கு. 23 செ.மீ. கட்டுமானத்தோடு உள்பூச்சு 12 மி.மீ., வெளிப்பூச்சு 20 மி.மீ. சேர்ந்தால் சுமார் 26 செ.மீ. வரும். நாலரை இஞ்சுச் சுவர் இரண்டு பக்கப் பூச்சோடு 14 செ.மீ. ஆகும். பூச்சு கனமான பழைய வீடுகளில் இதைவிடக் கூடும். அளந்ததைத்தான் போட வேண்டும்.

ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடுவது இங்கே பலிக்காது. அதன் கை நீளம் ஒன்றரை அடி; அந்தத் தூரத்தில் 1 செ.மீ. விலகல் பூச்சின் மேடு பள்ளத்தில் மறைந்துவிடும். அதே விலகல் பத்தடிச் சுவரின் மறுமுனையில் 6 செ.மீ.க்கு மேல் போகும். வாசல்களுக்கு அகலம், உயரத்தோடு, பக்கத்து மூலையிலிருந்து நிலையின் விளிம்பு வரை உள்ள தூரமும் வேண்டும். அதைக் குறிக்க மறந்துவிட்டு மறுபடி டேப்போடு ஓடுவதுதான் வழக்கம்.

எல்லாவற்றையும் செ.மீ.யில் குறியுங்கள். மென்பொருள் அடி, இஞ்சையும் ஏற்கும். ஆனால் கீழே வரும் கணக்குகளுக்குச் செ.மீ.தான் வசதி.

பிரிபரன்சஸில், அதாவது மென்பொருளின் அமைப்புகளில், புதுச் சுவரின் தடிமன் 7.5 செ.மீ., உயரம் 250 செ.மீ. என்று இருக்கும். நம் ஊர்க் கட்டடங்களுக்கு இரண்டும் பொருந்தாது. வரையத் தொடங்கும் முன்பே 26, 300 என்று, அல்லது உங்கள் வீட்டு அளவுக்கு, மாற்றிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவராக மாற்றினால் கதவுகளும் கெடும்; ஏனென்று கீழே வரும்.

செவ்வக அறை

இதில் சிக்கல் இல்லை. உள்ளளவு 366 செ.மீ.; ஒருபக்கம் 26 செ.மீ. வெளிச்சுவர், மறுபக்கம் 14 செ.மீ. தடுப்புச்சுவர் என்றால் நடுக்கோட்டு நீளம் 366 + 13 + 7 = 386. பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ் எடுத்து, தொடக்கப் புள்ளியைக் கிளிக் செய்து, என்டர் விசையைத் தட்டினால் நீளம், கோணம், தடிமன் கேட்கும் சிறு பெட்டிகள் வரும். அதில் 386 போடுங்கள். மவுஸை இழுத்து அளவைப் பிடிக்க முயல்வது வீண் வேலை.

விலகிய மூலை

பிளானில் மேல்சுவர் 366, இடதுசுவர் 305, இவற்றின் எதிர்முனைகளை இணைக்கும் மூலைவிட்டம் 484 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலை சரியான செங்கோணமாக இருந்தால் அந்த மூலைவிட்டம் 476.4 வந்திருக்க வேண்டும். அதாவது கோணம் 90 இல்லை, கிட்டத்தட்ட 91.9 பாகை. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இடதுசுவரின் கீழ்முனை 10 செ.மீ. வெளியே தள்ளியிருக்கும். சுவரோடு சுவராக அடிக்கும் வார்ட்ரோபுக்கு இது பெரிய இடைவெளி.

வரையும்போது வெறும் கோணத்தைப் போட்டு இதைப் பிடிப்பதைவிட, முனைகளின் எக்ஸ், ஒய் இடங்களைக் கணக்கிட்டுப் போடுவது நிச்சயமான வழி. பள்ளிக்கூடக் கணக்கு போதும். மேல் இடது மூலையைச் சுழி, சுழி என்று கொள்ளுங்கள். மேல் வலது மூலை 366, 0. இடதுசுவரின் கீழ்முனைக்கு:

எக்ஸ் = (மேல்சுவர் வர்க்கம் + இடதுசுவர் வர்க்கம் − மூலைவிட்ட வர்க்கம்) ÷ (2 × மேல்சுவர்)
= (133956 + 93025 − 234256) ÷ 732 = −9.9

ஒய் = (இடதுசுவர் வர்க்கம் − எக்ஸ் வர்க்கம்) இதன் வர்க்கமூலம் = 304.8

இந்த மென்பொருளில் ஒய் கீழ்நோக்கிப் போகப் போகக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். வரைபடத் தாளில் பழகியவர்களுக்கு இது தலைகீழ். நாலாவது மூலைக்கு வலதுசுவரையும் மற்ற மூலைவிட்டத்தையும் வைத்து இதே கணக்கு; வரும் எக்ஸை மட்டும் 366இலிருந்து கழிக்க வேண்டும். கீழ்ச்சுவரின் நீளத்தை இதுவரை எங்கும் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் சோதனை: கணக்கில் கிடைத்த இரண்டு கீழ்மூலைகளுக்கு இடையிலான தூரமும் டேப் காட்டிய கீழ்ச்சுவர் அளவும் 1 செ.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் ஏதோ ஒரு அளவு தப்பு. மூலைவிட்டம் எடுக்கும்போது டேப் தொய்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இவை உள்மூலைகள். நடுக்கோட்டு மூலைகளுக்கு, ஒவ்வொரு மூலையிலும் சேரும் சுவர்களின் பாதித் தடிமனை வெளிப்பக்கமாக எக்ஸிலும் ஒய்யிலும் தள்ளுங்கள். மேல்சுவரும் இடதுசுவரும் 26, மற்ற இரண்டும் 14 என்றால் மேல் இடது மூலை −13, −13. மேல் வலது மூலை 373, −13. கீழ் இடது மூலை −22.9, 311.8. சாய்ந்த சுவருக்கு இப்படி நேராகத் தள்ளுவது கறாராகப் பார்த்தால் தப்பு. ஆனால் 2 பாகை சாய்வில் வரும் பிழை அரை செ.மீ.க்கும் குறைவு, பூச்சின் ஏற்ற இறக்கமே அதைவிட அதிகம். சாய்வு 10 பாகையைத் தாண்டினால் இந்தக் குறுக்குவழி வேண்டாம். அளவுகோலோடு தாளில் வரைந்து ஸ்கேன் செய்து, பிளான் மெனுவின் இம்போர்ட் பேக்ரவுண்ட் இமேஜ் வழியே பின்னால் வைத்து, அதன்மேல் வரைந்துவிடலாம். நீளம் தெரிந்த ஒரு கோட்டைக் காட்டினால் அது படத்தின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். அந்தக் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம். வாசல் அகலத்தைக் காட்டாமல் வீட்டின் முழு நீளத்தைக் காட்டுங்கள்.

எண்களைப் போட, சுவர்களைத் தோராயமாக வரைந்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரட்டைக் கிளிக் செய்து, வரும் பெட்டியில் தொடக்க முனை, இறுதி முனைக்குரிய எக்ஸ், ஒய்யை நிரப்புங்கள். இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் காந்தம்போல ஒட்டும் வசதி குறுக்கே வரும். சுவரை 15 பாகையின் மடங்குகளுக்கு இழுப்பதே அதன் வேலை. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வரைந்தால் அது அடங்கும். பிரிபரன்சஸில் மேக்னட்டிசம் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்தால் மொத்தமாகவே நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் கிரியேட் ரூம்ஸ் எடுத்து அறைக்குள் இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். தரை தானாக நிரம்பினால் சுவர்கள் முழுதாக மூடியிருக்கின்றன. நிரம்பாவிட்டால் ஏதோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கிறது.

தடிமன் மாறும் சுவர்

26 செ.மீ. சுவர் பாதி வழியில் 14 ஆகிறது. கூடத்துப் பக்கம் முகம் ஒரே நேராக இருக்கிறது. இரண்டையும் முனையோடு முனை சேர்த்து வரைந்தால் நடுக்கோடு ஒன்றாகி, இரண்டு பக்கமும் 6 செ.மீ. படி விழும். நிஜத்தில் ஒரு பக்கம்தான் 12 செ.மீ. படி இருக்க வேண்டும். மெல்லிய சுவரைத் தனியாக, நடுக்கோட்டை 6 செ.மீ. கூடத்துப் பக்கம் தள்ளி வரையுங்கள். ஆல்ட் இல்லாமல் வரைந்தால் அது கனத்த சுவரின் முனைக்குத் தாவி ஒட்டிக்கொள்ளும். சந்திப்பில் விசித்திரமான சாய்வெட்டு தெரிந்தால் நடந்தது அதுதான்.

மெல்லிய சுவர் கனத்த சுவரின் முகத்தைத் தொட்டு நிற்கட்டும்; உள்ளே புதைய விடாதீர்கள். புதைந்தால் கூடத்துப் பக்கம் இரண்டு சுவர் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்திருந்தால் 3டியில் அந்த இடம் மினுமினுக்கும்.

நிறம் என்றதும் ஒன்று: சுவரின் இடது, வலது பக்கங்கள் நீங்கள் வரைந்த திசையைப் பொறுத்தவை. படுக்கையறைக்கு அடித்த நீலம் கூடத்தில் போய் விழுந்தால் ரிவர்ஸ் வால்ஸ் டைரக்ஷன் கொடுங்கள். நீண்ட சுவர் ஒன்று இரண்டு அறைகளைத் தாண்டினால் அதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரே நிறம்தான். ஸ்ப்ளிட் வால் கொடுத்து வெட்டுங்கள். அது எப்போதும் சரிபாதியில்தான் வெட்டும். வெட்டிய முனையின் எக்ஸ், ஒய்யை மாற்றி வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சுவரிலிருந்து துருத்தும் பில்லருக்குக் குட்டிக் குட்டிச் சுவர்களை வரைந்து அவஸ்தைப்பட வேண்டாம். பொருள் பட்டியலில் இருக்கும் பெட்டியை எடுத்து 23, 30 என்று அளவு கொடுத்து மூலையில் நிறுத்திவிடுங்கள். தொங்கும் பீமுக்கும் அதே பெட்டிதான். மேல்தளம் 300, பீம் ஆழம் 45 என்றால் உயரம் 45, தரையிலிருந்து எலிவேஷன் 255. சுவரால் இதைச் செய்ய முடியாது. சுவர் எப்போதும் அந்தத் தளத்தின் தரையிலிருந்தே எழும்பும்.

வளைந்த சுவர்

விண்டோஸில் சுவர் வரையும்போது கன்ட்ரோல் விசையை அழுத்தியிருந்தால் மூன்று கிளிக்கில் வளைவு வரும்: தொடக்கம், முடிவு, பிறகு எவ்வளவு வளைய வேண்டும் என்பது. கண் மதிப்புக்கு இது போதும். கட்டிய சுவரை அப்படியே கொண்டுவர, நேர்ச்சுவராக வரைந்து, இரட்டைக் கிளிக் செய்தால் வரும் பெட்டியில் ஆர்க் எக்ஸ்டென்ட் என்ற இடத்தில் பாகையைப் போட வேண்டும். அந்தப் பாகைக்கு இரண்டே அளவுகள் போதும்: வளைவின் இரு முனைகளுக்கு இடையே நூல் கட்டினால் வரும் நீளம், நூலின் நடுவிலிருந்து சுவருக்கு உள்ள தூரம். அந்தத் தூரத்தை இரட்டித்து நூல் நீளத்தால் வகுத்து, வரும் எண்ணுக்குத் தலைகீழ் டான்ஜென்ட் (கால்குலேட்டரில் tan⁻¹) எடுத்து, நாலால் பெருக்குங்கள். நூல் 240, நடுத்தூரம் 60 என்றால் 120 ÷ 240 = 0.5, அதன் தலைகீழ் டான்ஜென்ட் 26.57, நாலால் பெருக்கினால் 106.3 பாகை. ஆரம் 150 செ.மீ. வளைவு தப்பான பக்கம் வீங்கினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள்.

இந்தச் சுவரில் ஜன்னல் வைக்கும்போதுதான் வம்பு. ஜன்னல் தட்டை, சுவர் வளைவு. 150 ஆரத்தில் 120 செ.மீ. ஜன்னல் வைத்தால், அதன் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே சுவர் 12.5 செ.மீ. வளைந்திருக்கும். 14 செ.மீ. தடிமனுக்கு ஏற்ற பெட்டியால் முழுதும் குடைய முடியாது. சுவரின் தோல் ஒரு துண்டு ஜன்னலுக்கு முன்னால் நிற்கும். ஆழத்தை 27 ஆக்கினால் துளை விழும். ஆனால் சட்டமும் அதோடு சேர்ந்து தடித்துப் பெட்டிபோல ஆகும். 60 செ.மீ. ஜன்னலுக்கு அந்த வளைவு 3 செ.மீ.தான், ஆழம் 17 போதும், கண்ணுக்கும் உறுத்தாது. ஆகவே அகல ஜன்னல் ஒன்றுக்குப் பதில் குறுகலாக இரண்டு வையுங்கள். இல்லாவிட்டால் வளைவின் நடுவில் ஜன்னல் அகலத்துக்கு ஒரு நேர்ச்சுவரை வைத்து இருபுறமும் வளைவாக்குங்கள். மரச்சட்டம் போடுவதானால் ஆசாரியும் பெரும்பாலும் நேர்த் துண்டைத்தான் கேட்பார்.

ஓட்டுவீட்டு முக்கோணச் சுவர்

பக்கங்களில் 270, உச்சியில் 420 உயரம் என்றால் சுவரை ஸ்ப்ளிட் செய்து, முதல் பாதிக்கு ஸ்லோப்பிங் வால் தேர்ந்து தொடக்க உயரம் 270, முடிவு உயரம் 420; அடுத்த பாதிக்கு 420, 270. கூரைக்குப் பதில் நடுவில் பள்ளம் விழுந்தால் தொடக்கமும் முடிவும் இடம் மாறியிருக்கின்றன. மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவருக்கும் இதே வழி.

கதவு

பட்டியலிலிருந்து கதவை இழுத்துச் சுவர்மேல் விட்டால் அது தானே திரும்பி, சுவர்த் தடிமனுக்குத் தன் ஆழத்தைச் சரிசெய்துகொண்டு துளை போடும். அந்தச் சரிசெய்தல் விடும்போது மட்டும்தான். பிறகு சுவர்த் தடிமனை 14இலிருந்து 26 ஆக்கினால் கதவு பழைய ஆழத்திலேயே நிற்கும். ஒருபக்கம் கதவு தெரியும், மறுபக்கம் வெறும் சுவர். சுவரை நகர்த்தினாலும் கதவு கூடவே வராது. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து நகர்த்துங்கள். கெட்டுப்போன கதவுக்கு ஆழத்தைத் திருத்தலாம். அழித்துவிட்டு மறுபடி இழுத்து விடுவது அதைவிட வேகம்.

பழைய சுவரை ஒட்டிப் புதுச் சுவர் எழுப்பியிருந்தால் கதவு ஒரு சுவரைத்தான் கணக்கில் எடுக்கும். மற்றது அடைத்தபடி நிற்கும். 26 + 14 = 40 என்று ஆழத்தைக் கொடுத்து, கதவை இரண்டு சுவரின் மொத்தத் தடிமனுக்கு நடுவில் நகர்த்துங்கள்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மென்பொருளில் அகலம் என்பது நிலையோடு சேர்ந்த அகலம். மூணடிக்கு ஏழடி என்று ஆசாரி சொல்வது நிலையின் வெளியளவா, கதவுப் பலகையின் அளவா என்று கேட்டுத் தெளியுங்கள். வெளியளவு என்றால் 91, 213 என்று போடலாம். மூன்றரை அடித் தலைவாசலுக்கு 107. இரண்டரை அடிக் குளியலறைக் கதவுக்கு 76. அகலத்தை மட்டும் மாற்ற, கீப் ப்ரொப்போர்ஷன்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். கீல் தப்பான பக்கம் இருந்தால் மிரர்டு ஷேப் டிக்கை மாற்றுங்கள். கதவு உள்ளே திறக்காமல் வெளியே திறந்தால் கோணத்தில் 180 கூட்டுங்கள்; அதில் கீலும் மறுமுனைக்குப் போய்விடும் என்பதால் மிரர்டு ஷேப் டிக்கையும் மாற்றுங்கள்.

மூலைக்கு ஒட்டிய வாசலில் பக்கத்துச் சுவர் கடிபட்டதுபோல் தெரிகிறதா? கதவுப் பெட்டி அந்தச் சுவருக்குள்ளும் நுழைந்திருக்கிறது. ஒரு செ.மீ. விலக்கினாலே போதும்.

மூலையைச் சீவி 45 பாகையில் வைத்த வாசலிலும் இதே கடி வரும். அங்கே உள்முகம் நடுக்கோட்டைவிடக் குட்டை, தடிமனின் 0.414 மடங்கு குறையும். 14 செ.மீ. சுவரில் அது 5.8 செ.மீ. 91 செ.மீ. நிலைக்கு இருபுறமும் 7 செ.மீ. வீதம் உள்முகம் 105 வேண்டுமானால், சாய்ந்த சுவரின் நடுக்கோட்டை 110.8 என்று வரையுங்கள்.

கதவே இல்லாத அகலத் திறப்புக்குச் சுவரை உடைக்க வேண்டாம். கூடத்துக்கும் சாப்பாட்டறைக்கும் இடையே முழுச்சுவரை வரைந்து, வெறும் நிலையை எடுத்து 240, 213 என்று நீட்டி வையுங்கள். பிறகு அதன் மெட்டீரியல்ஸ் பெட்டியில் சட்டத்தை இன்விசிபிள் ஆக்கினால் துளை மட்டும் மிஞ்சும். மேலே உள்ள பீம் பாகமும் தானாக நிற்கும்.

வளைவு வாசலுக்குப் பட்டியலில் உள்ள வளைவு நிலையை அகலத்தில் மட்டும் நீட்டினால் அரைவட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். 120 அகலத்துக்குச் சரியான அரைவட்டம் வேண்டுமானால், கீழே 120க்கு 150 வெறும் திறப்பு, அதன்மேல் எலிவேஷன் 150இல் 120க்கு 60 அரைவட்ட ஜன்னல் என்று இரண்டாக அடுக்கி, ஜன்னலின் கண்ணாடியையும் சட்டத்தையும் இன்விசிபிள் ஆக்குங்கள். கதவுக்கு மேல் வென்டிலேட்டர் வைப்பதும் இப்படித்தான்; எலிவேஷன் 213.

கடைசியில் 3டி வியூ மெனுவில் விர்ச்சுவல் விசிட் எடுத்து, ஒவ்வொரு வாசலையும் இரண்டு பக்கத்திலிருந்தும் கடந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில் சுவர்த் தோல் மறைத்த கதவு தெரியவே தெரியாது. ஆசாரிக்குக் கொடுக்க, பேஜ் செட்டப்பில் பிளான் அளவை 1க்கு 50 என்று வைத்துப் பிடிஎஃப் எடுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தேர்வை அணைத்துவிட்டு, தாளில் 366 செ.மீ. சுவர் 7.3 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.